இணைப்பு: துணி ஒன்று

திருச்சுழியிலிருந்து பரளச்சி போகும் சாலையில், கருவேல மரங்களுக்கு நடுவே, ஓட்டுக் கட்டடம் ஒன்றில் பாலர் சமூகப் பண்பு நிலையம் நடந்துவந்தது. மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளை மனிதர்களாக மாற்றுவது அதன் பணி. அதற்கு முன் அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று விதிப்புத்தகத்தில் இல்லை.

1972 ஜூனில் என் மகள் சௌடேஸ்வரியை அங்கே சேர்த்தேன். நாலு வயது. அவள் அம்மா பாலாமணி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் திருச்சுழியில் கிளை நூலகர். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் நான்கு தறிகள். எல்லார் கையிலும் வேலை. நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பது விதி. அவள் சத்தம் போடுவதில்லை. ஆனாலும் அங்கே கூட்டிப்போக முடியாது.

நிலையத்தின் ஆசிரியை குருவம்மாள். இருபத்தொரு நாள் பயிற்சி பெற்றவர். சேர்க்கும்போது கேட்டார்.

“புள்ள கடிக்குமா சார்?”

“இல்லை.”

“அழுகுமா?”

“இல்லை.”

“பேசுமா?”

“வீட்டில் கன்னடம் பேசுவாள். தமிழும் தெரியும்.”

அட்டையில் ‘மொழி: வேறு’ என்று எழுதினார். பிறகு அவள் தோளைப் பார்த்தார்.

“அதென்ன சார், போர்த்தியிருக்கு?”

“துணி.”

பாலாமணியின் சேலைகளை எங்கள் வழக்கப்படி பதினாறாம் நாள் சலவைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இது தப்பியது. ஒரு பழைய பச்சைச் சேலையின் முந்தானைப் பாதி. குழந்தை பிறந்தபோது பொதிந்து வைக்கக் கிழித்தது. இதைச் சேலை என்று யாரும் நினைக்கவில்லை, சௌடேஸ்வரியைத் தவிர. அதன் ஒரு மூலையை வாயில் வைத்துக் கடித்தபடிதான் தூங்குவாள்.

பிப்ரவரியில் ஒரு பகலில் பாலாமணியை வாடகைக் காரில் ஏற்றி மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கார் கிளம்பும்போது இவள் வாசலில் நின்றாள். “அம்மா எப்ப வரும்?” என்றாள். “நாளைக்கு” என்றேன். மறுநாள் பாலாமணி வந்தாள், உடலாக. அதைப் பற்றி அவள் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சமூக நடத்தை அட்டை உண்டு. வணங்குதல், வரிசையில் நிற்றல், மன்னிப்புக் கேட்டல், கடிக்காமை, காரணமின்றி அழாமை, பகிர்தல் என்று பன்னிரண்டு கட்டங்கள். அவற்றில் ஏழுக்காவது ‘நன்று’ வந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். அழுகைக்கான காரணங்கள் அட்டையின் பின்பக்கம் அச்சாகியிருந்தன: விழுதல், பசி, ஊசி, தாய் வெளியூர் சென்றிருத்தல். கடைசிக் காரணத்துக்கு மூன்று நாள் வரை அனுமதி.

கடிக்கிற குழந்தைகளுக்காகச் சுவரில் ஒரு வாசகம் எழுதியிருந்தது. ‘கடிக்காதே. கேள். கொடுப்பார்கள்.’ காலையில் முப்பத்தொரு குழந்தைகளும் அதை மூன்று முறை சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மன்னிப்பு நேரம். ஒவ்வொரு குழந்தையும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருநாள் சீக்கிரம் கூப்பிடப் போயிருந்தேன். உக்கிரபாண்டி என்றொரு பையன், ஐந்து வயது, பக்கத்தில் இருந்த பெண்ணைக் கிள்ளினான். அது அலறியது. உடனே கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டான். குருவம்மாள் ‘நன்று’ எழுதினார்.

“அவன் கிள்ளினானே” என்றேன்.

“பெறகு எதுக்கு சார் மன்னிப்புக் கேப்பான்? காலையில இருந்து ஒரு தப்பும் பண்ணல. கட்டம் காலியா கெடந்தா மேல இருந்து என்னையத்தான் கேப்பாக.” சௌடேஸ்வரியைக் காட்டினார். “இதுதான் சார் கஷ்டமாருக்கு. ஒரு தப்பும் பண்ண மாட்டேங்குது.”

நிலையத்துக்கு ஒரு பொம்மை வந்திருந்தது. மெட்ராஸிலிருந்து வந்தது, கண் மூடித் திறக்கும். கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை வட்டாரப் பண்பு அலுவலர் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார். பகிர்தல் பாடத்தில் பொம்மைதான் பாடப்பொருள். ஆகவே பொம்மை இல்லாமல் பகிர்ந்தார்கள். குருவம்மாள் வெறுங்கையை ஏந்தி முதல் குழந்தையிடம் கொடுப்பார். அது வாங்கித் தாலாட்டி அடுத்ததிடம் கொடுக்கும். முப்பத்தொரு குழந்தைகள் இப்படிக் காற்றைக் கைமாற்றினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேறொரு கட்டத்தில் குறைப்பார்கள்.

சௌடேஸ்வரி வாங்கினாள். கையைப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல” என்று கையைக் கீழே போட்டாள்.

“பொம்மையக் கீழ போட்டுட்டா சார்” என்று அன்று சாயங்காலம் குருவம்மாள் சொன்னார். கோபம் நிஜமாகவே இருந்தது. “பொம்மைகிட்ட மன்னிப்புக் கேளுன்னேன். எங்க இருக்குன்னு கேக்குது.”

அட்டையில் எழுதியிருந்தது: ‘பகிர்தல்: இல்லை. பொருள்களைச் சேதப்படுத்துகிறாள்.’

ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம். வட்டாரப் பண்பு அலுவலர் ஐயாத்துரை ஜீப்பில் வந்தார். நல்ல உயரம். மாலையைப் போட்டதும் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார்.

“பெரியோர்களே! பகிர்தல் என்றால் என்ன? என் ஜீப்பை நான் யாரோடும் பகிர்ந்துகொள்வதில்லை. ஏன்? அது சர்க்கார் உடைமை. என் நாற்காலியைப் பகிர முடியாது. அது பதவிக்கு உரியது. என் சம்பளத்தைப் பகிர முடியாது. அது குடும்பத்துக்கு உரியது. ஆனால் குழந்தையைப் பாருங்கள். அதனிடம் இருப்பது எதுவும் எதற்கும் உரியதல்ல. ஆகவே பகிர்தலைக் குழந்தையிடமிருந்துதான் தொடங்க முடியும். நாம் தொடங்கினால் நிர்வாகம் கெட்டுவிடும்.”

கைதட்டினார்கள். நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஆட்டை விட்டுவிட்டு வந்திருந்த ஒருவர் எழுந்து, “பொம்மைய ஒரு நா புள்ளைககிட்டக் குடுங்கய்யா” என்றார்.

“கொடுக்கலாம். உடைந்துவிட்டால் எதைப் பகிர்வார்கள்?” என்றார் ஐயாத்துரை.

ஆட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் குருவம்மாள் என்னைத் தனியாக அழைத்தார். அடுத்த மாதம் தணிக்கை. குழந்தைகள் தங்கள் சொந்தப் பொருளைப் பகிர்வதை அலுவலர் நேரில் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. இருக்கிற குழந்தைகளில் சொந்தப் பொருள் என்று ஒன்று வைத்திருந்தது சௌடேஸ்வரி மட்டும்தான். ஒரு படிவம் நீட்டினார். ‘மேற்படி பொருளை நிலையத்தின் குழந்தைகளிடையே சமமாகப் பகிர்ந்தளிக்கச் சம்மதிக்கிறேன்.’

“இது நடந்திட்டா பகிர்தல் கட்டம் மட்டும் இல்ல சார், நாலு கட்டம் ஒண்ணா ஏறிரும். இல்லைன்னா அடுத்த வருஷமும் இங்கதான். பெரிய புள்ளையா ஆகி, சின்னதுகளோட செவத்தப் பாத்து உக்காந்திருக்கும்.”

படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆளுக்குச் சிறிது நேரம் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். தறி வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு விதமாக நினைக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் துணி கை மாறும். விரித்துப் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கத்தரிக்கோல் தையல்காரரிடம்தான் இருக்கும்.

தையல்காரரிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கிவந்தவள் நிலையத்தின் ஆயா சோலை. தணிக்கையன்று நான் அங்கே இல்லை. அவள் சொன்னதுதான்.

துணியை மேஜையில் விரித்தார்கள். ஐயாத்துரை அடிக்கோலால் அளந்தார். நீளத்தில் எட்டு, அகலத்தில் நாலு, மொத்தம் முப்பத்திரண்டு. குழந்தைகளுக்கு முப்பத்தொன்று, சான்றுக்கு ஒன்று. குருவம்மாள் வெட்டினார். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகச் சௌடேஸ்வரி கையில் வைத்து, அவள் கையாலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்க வைத்தார்கள். வாங்கியவர்கள் ‘நன்றி’ சொன்னார்கள். சான்றுக்கு ஐயாத்துரை அந்த மூலைத் துண்டை எடுத்துக்கொண்டார். பல்தடம் இருந்ததால் குழந்தையின் சொந்தப் பொருள்தான் என்று மேலிடத்துக்குக் காட்ட வசதி என்றார். கோப்பில் குண்டூசியால் குத்தி, மேலே எழுதினார்: ‘இணைப்பு: துணி ஒன்று.’

“புள்ள அழுதாளா?” என்று சோலையிடம் கேட்டேன்.

“இல்லய்யா. அழுதாலும் தேவலன்னு இருந்துச்சு.”

அட்டையில் இருந்தது: ‘காரணமின்றி அழாமை: நன்று. காரணம் இருந்தும் அழவில்லை: மிக நன்று.’

அன்று வீட்டில் தன் பங்கு ஒரு துண்டைத் தரையில் வைத்தாள். உள்ளங்கை அகலம். அதைச் சுற்றி விரலால் பெரிதாக ஒரு கட்டம் கீறினாள். பிறகு படுத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு துண்டுகள் இருந்தன. அதற்கு மறுநாள் மூன்று. குழந்தைகள் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். நல்ல குழந்தைகள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் சோலை நூலகத்துக்கே வந்துவிட்டாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள்.

“அய்யா, ஒங்க புள்ள மத்தியானம் திங்கிறதில்ல. தெரியுமா ஒங்களுக்கு?”

மறுநாள் மத்தியானம் போய் ஜன்னலில் நின்றேன். அமெரிக்கக் கோதுமை உப்புமா, ஆளுக்கு ஓர் உருண்டை. சௌடேஸ்வரி தன் உருண்டையைத் தூக்கிக்கொண்டு உக்கிரபாண்டியிடம் போனாள். அவன் தன் உருண்டையைத் தின்று முடித்திருந்தான். தயாராக இருந்தான்.

“துண்டு” என்றாள்.

“நாளைக்கும் உப்புமா தரணும். ரெண்டு நாளு.”

“எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.”

“ஏய், என்னுதுல சரிகை இருக்குல்ல. பாரு, மினுங்குது.”

யோசித்தாள். உருண்டையை அவன் தட்டில் வைத்தாள். அவன் துண்டைப் பாதி வெளியே இழுத்துக் காட்டி, மறுபடி டவுசர் பையில் திணித்துக்கொண்டான்.

குருவம்மாள் என்னைப் பார்த்து ஓடிவந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“பாத்தீகளா சார்! தெனமும் இப்படித்தான். யாரும் சொல்லாமயே தன் சாப்பாட்டத் தூக்கிக் குடுத்துருது. வந்த அன்னைக்கு எப்படி இருந்த புள்ள! இதப் பத்தித் தனி அறிக்கை அனுப்பியிருக்கேன். மாதிரிக் குழந்தைன்னு தேர்வு பண்ணப் போறாக.”

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு துண்டுகள் பாக்கி இருந்தன. நான் நூலகத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு துண்டை ஒரு வீட்டில் விளக்குத் துடைக்க வைத்திருந்தார்கள். ஒன்று பால்பவுடர் வடிகட்டப் போயிருந்தது. இரண்டையும் தேடிக் கொண்டுவரச் சொல்லி மேற்கொண்டு ஓர் உருண்டை கொடுத்தாள். அக்டோபர் கடைசியில் முப்பத்தொன்றும் வந்துவிட்டன. அவளுடைய பாவாடைக் கயிற்றை நான் இரண்டு முறை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, இழைக்கு இழை பார்த்துத் தைத்தேன். அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். எது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தைத்து முடித்ததும் போர்த்திக்கொண்டு படுத்தாள். மூலையைத் தேடி இழுத்தாள். அங்கே இல்லை.

“ஒண்ணு ஐயாகிட்ட இருக்கு” என்றாள்.

அலுவலகத்துக்கு மனு எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘தாங்கள் கோரும் துணி கோப்பின் இணைப்பு ஆகும். இணைப்பைக் கோப்பிலிருந்து பிரிக்க இயலாது. கோப்பு நிரந்தரமாக வைக்கப்பட வேண்டிய வகையைச் சேர்ந்தது. தங்கள் மகள் மாதிரிக் குழந்தையாகத் தேர்வு பெற்றதும் மேற்படி இணைப்பின் அடிப்படையிலேயே என்பது தெரிவிக்கப்படுகிறது.’

அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

“ஐயாவுக்கு உப்புமா குடுத்தோமா?”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரைநாள் விடுப்பு எடுத்தேன். தன் உருண்டையைத் தூக்குவாளியில் போட்டு மூடி, அவளே மடியில் வைத்துக்கொண்டாள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஒரு மணி நேரம் இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அலுவலக வாசலில் பியூன் மாரிச்சாமி நிறுத்தினார்.

“என்ன விஷயமாப் பாக்கணும்?”

“மாதிரிக் குழந்தை” என்றேன்.

“அடடே, இதுதானா? அய்யா பேசிக்கிட்டே இருப்பாக. போங்க, போங்க.”

ஐயாத்துரை எழுந்தே வந்தார். எங்கள் கோப்பை எடுத்துவரச் சொன்னார். மேஜையில் திறந்து வைத்தார். முதல் பக்கத்தில் பச்சைத் துண்டு, குண்டூசியோடு. பல்தடம் அப்படியே இருந்தது.

சௌடேஸ்வரி அதைப் பார்த்தாள். தூக்குவாளியைத் திறந்து உருண்டையை எடுத்து நீட்டினாள்.

“எனக்கா?” அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “பார்த்தீர்களா சார்? அதிகாரி என்று பயமில்லை, அந்நியன் என்று வேற்றுமை இல்லை. நாங்கள் இதைத்தான் எதிர்பார்த்தோம். எல்லாக் குழந்தைகளும் இப்படி ஆகிவிட்டால் எங்களுக்கு ஒரு குறையும் இருக்காது.”

தின்றார். முழுவதும் தின்றார். உப்புக் கொஞ்சம் குறைவு என்றார். கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பேனாவைத் திறந்து, ‘அதிகாரிகளிடமும் பகிர்கிறாள்’ என்று கோப்பில் எழுதினார்.

அவள் கையை நீட்டினாள்.

“துண்டு” என்றாள்.

“என்னம்மா?”

“துண்டு வேணும்.”

“அந்தத் துணியைக் கேட்கிறாள்” என்றேன்.

“சார், ஒங்களுக்குப் பதில் போட்டாச்சே. பிரிக்க முடியாது. நானே நெனைச்சாலும் முடியாது.” அவள் கை இன்னும் நீண்டே இருந்தது. அவர் குனிந்து, சிரித்து, தன் வலக்கையை அதில் வைத்துக் குலுக்கினார். “நல்ல புள்ள. ஐயாவுக்கு நன்றி சொல்லு.”

சௌடேஸ்வரி தன் கையில் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நிலையத்துச் சுவரில் எழுதியிருந்ததை அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் மனப்பாடம். கடிக்காதே, கேள், கொடுப்பார்கள். அவள் கேட்டுவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கடித்தாள்.

ஐயாத்துரை ஆள்காட்டி விரலோடு அறையைச் சுற்றினார். அவள் விடவில்லை, கூடவே சுற்றினாள். “எடுய்யா! எடுய்யா இத!” என்று கத்தினார். மாரிச்சாமி வந்து அவள் தாடையை அழுத்திப் பிரித்தார். ரத்தம் நிறைய வந்தது.

“துணி! ஏலே, துணி எதாச்சும் கொண்டாலே!”

கைக்குட்டையில் உப்புமா. மாரிச்சாமி சுற்றிலும் பார்த்தார். கோப்பு திறந்திருந்தது. குண்டூசியோடு பிய்த்தெடுத்தார். பிரிக்க முடியாத இணைப்பு ஒரு நொடியில் வந்துவிட்டது. விரலில் சுற்றிக் கட்டினார். பச்சை சீக்கிரமே கறுத்தது.

“மனுசக் கடிய்யா. வெசம். இங்க பாக்கக் கூடாது. மதுரைக்கு விடச் சொல்லு” என்றார் ஐயாத்துரை. படி இறங்கும்போது திரும்பினார். “அந்த அட்டைய ரத்துப் பண்ணு. ஒண்ணு முதல் பன்னெண்டு வரைக்கும்.”

நாங்களும் வாசலுக்கு வந்தோம். அவர் ஜீப்பின் முன்னால் உட்கார்ந்து, கட்டிய விரலை வெளியே உயர்த்திப் பிடித்திருந்தார். ஜீப் கிளம்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மதுரைச் சாலையில் திரும்பியது. விரல் கொஞ்சத் தூரம் தெரிந்தது.

சௌடேஸ்வரி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். காலித் தூக்குவாளியை என்னிடம் கொடுத்தாள்.

“எப்ப வரும்?” என்றாள்.

“நாளைக்கு” என்றேன்.

அவள் முதல் முறையாக அழ ஆரம்பித்தாள்.